மீனின் விந்தணுவுக்கு எத்தனை வால்

என் ஆய்வு நெறியாளரை நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே வெறுத்துவிட்டேன். அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டு பேருமே அதை மறைக்க முயலவில்லை. அவர் ஐம்பதைக் கடந்தவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தணிந்த குரல். யாரையும் அதட்ட மாட்டார். "எம்.எஸ்சி. எங்கம்மா பண்ணே?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு "ஓ" என்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். பதில் சொன்னவள் அந்த "ஓ"வைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க அலைய வேண்டும். துறையில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை. பல்லாவரத்தில் அப்பாவுக்கு, எங்கள் வீட்டில் அத்தா, ஹார்டுவேர் கடை. அங்கிருந்து மின்சார ரயிலில் வந்து போவேன். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு எலும்பு மீன்களின் விந்தணு: அதன் அமைப்பு என்ன, பரிணாமத்தில் அது எப்படி இப்படி ஆனது.

சுறாவையும் திருக்கையையும் விட்டுவிட்டால் நாம் தட்டில் பார்க்கிற மீன்கள் எல்லாமே எலும்பு மீன்கள்தான். மனிதன், மாடு, சேவல், ஏன் சுறாவுக்குக்கூட விந்தணுவின் தலை நுனியில் ஒரு தொப்பி உண்டு. முட்டையின் உறையைக் கரைத்து உள்ளே போகிற சரக்கு அதில் இருக்கும். கெண்டைக்கும் வஞ்சிரத்துக்கும் அந்தத் தொப்பி கிடையாது. மீன் முட்டையின் ஓட்டில் ஏற்கெனவே ஊசிமுனை அளவுக்கும் சின்னதாக ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், உறையைக் கரைக்கிற வேலையே இல்லை. தேவைப்படாத தொப்பி காலப்போக்கில் போய்விட்டது. மிஞ்சியது உருண்டையாக ஒரு தலை, அதன்கீழ் சின்னக் கழுத்து, ஒரே ஒரு வால்.

மேடத்தின் வாழ்நாள் வேலை இந்த எளிமைதான். கெண்டை மீனின் விந்தணுவை அவர் அளவுக்குப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. "எகானமி" என்பார் வகுப்பில். "இயற்கை வேஸ்ட் பண்ணாது. ஒரு தலை, ஒரு வால், முடிஞ்சுது." அதை அவர் சொல்லும்போது அந்த எளிமையை இயற்கை அவரைக் கேட்டுக்கொண்டு செய்தது போல இருக்கும்.

வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. நான் சேர்ந்த வருடம் பொழிச்சலூரிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, கூடவே இரண்டு பெண்கள். என் அம்மா பஜ்ஜியை நகர்த்தி வைத்துக்கொண்டே, "பொண்ணு மீனைப் பத்தி பிஎச்.டி. பண்ணுது" என்றார்.

"மீனைப் பத்தின்னா? வளக்குறதாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல மாமி. ஆண் மீனோட விந்தணு. அது எப்படி இருக்கும், ஏன் அப்படி மாறிச்சுன்னு."

கூட வந்த பெண்களில் ஒருத்தி பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தாள். அவர்கள் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் ஏர்போர்ட் சத்தத்தைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். அப்புறம் எந்தத் தகவலும் வரவில்லை.

வாசலை மூடியதும் அண்ணன் என்னிடம் வந்தான். "வேற வார்த்தையே கிடைக்கலியா உனக்கு? இனப்பெருக்கம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அவங்க கேட்டாங்க, சொன்னேன்."

"கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவியா? கடையில உக்காந்திருக்கவன் நான். நாளைக்கு எவனாவது வந்து உன் தங்கச்சி என்ன பண்ணுதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"உனக்கு எந்த வார்த்தை வாயில வருதோ அதைச் சொல்லு."

மறுநாளிலிருந்து அவன் என்னை ஸ்கூட்டரில் ஸ்டேஷனில் இறக்கிவிடுவதை நிறுத்தினான். நான் நடந்து போனேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போவேன், ஸ்டேஷன் வந்ததும் மேடத்தைத் திட்ட ஆரம்பிப்பேன்.

கெண்டையோடு நிறுத்தாமல் கடல் மீன்களையும் பார்க்கலாம் என்பது என் யோசனை. மேடம் ஒரு தோளசைவோடு சரி என்றார். விந்தணு சாகாமல் கிடைக்க வேண்டும் என்றால் மீன் கரைக்கு வந்த உடனே இருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் காலை பஸ் பிடித்துக் கோவளம் போவேன். கையில் ஐஸ் போட்ட பிளாஸ்டிக் டப்பா, விந்தணுவைக் கெடாமல் ஃபிக்ஸ் செய்ய மருந்து நிரப்பிய சின்னக் குப்பிகள், ஒரு பிளேடு. முற்றிய ஆண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தினால் வெள்ளையாகப் பால் போல வரும். எந்த மீனில் வரும் என்று அழுத்தித்தான் பார்க்க வேண்டும்.

கரையில் மீன் விற்கிற ஒரு அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

"இன்னாம்மா, வாங்கவும் மாட்டேன்ற, மீனை அமுக்கி அமுக்கிப் பாத்துகினு கீற. நீ அமுக்குன மீனை எவ வாங்குவா?"

"வாங்கிக்கறேங்கா. பால் வர்ற மீனான்னு பாத்துத்தான் வாங்கணும்."

"பால் வோணும்னா மாட்டாண்ட போ. காலீல வந்து பேஜார் பண்ணாத."

அவருக்குப் பக்கத்தில் வலையிலிருந்து உதறிய கழிசல் குவிந்து கிடந்தது. கோழித் தீவனத்துக்குப் போகிற குட்டி மீன்கள். அதில் விரல் நீளத்தில், சிவப்பாக, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்ணோடு சில கிடந்தன. ஒன்றின் வாய் பிளந்து, உள்ளே முட்டை உருண்டை அடைத்திருந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன்.

"அது பொட்டை. வாய்ல சினை கீது பாரு" என்றார் அக்கா.

"இல்லக்கா, ஆம்பள. பொம்பள முட்டை போட்டதும் ஆம்பளதான் வாயில வாங்கி வச்சுக்கும். பொரியற வரைக்கும் ஒழுங்கா சாப்பிடக்கூட செய்யாது."

அவர் மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கூட்டாண்ட புருசன்னு ஒண்ணு கீது, அத்தக் கூட்டியாந்து இத்தக் காட்டு" என்று மணலில் துப்பினார். "எடுத்துகினு போ. எங்கண்ணு முன்னால நிக்காத."

அந்தச் சிவப்பு மீன்களைக் கைநிறைய அள்ளிக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் டப்பாவைப் பார்த்து மூக்கைச் சுளித்துக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

மீனின் விந்தணு ஆணின் உடலுக்குள் அசையாமல் கிடக்கும். தண்ணீர் பட்டால்தான் விழிக்கும். நன்னீர் மீனுக்கு நன்னீர், கடல் மீனுக்குக் கடல்நீர். விழித்தால் கொஞ்ச நேரம்தான் ஆயுசு. பெரும்பாலானவை ஓரிரு நிமிடம் நீந்தும், அதற்குள் துளையைக் கண்டுபிடிக்க வேண்டும். லேபில் ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். துடித்துக்கொண்டு ஓடின. வேகம் குறைந்ததும் வால்கள் தெரிய ஆரம்பித்தன. ஒரு தலைக்கு இரண்டு வால்.

ஸ்லைடை மாற்றினேன். வேறு மீனை எடுத்தேன். சாயம் ஏற்றிப் பார்த்தேன். பக்கத்து மேஜையிலிருந்த கெண்டையையும் அதே மாதிரி செய்து பார்த்தேன். கெண்டைக்கு ஒன்று. சிவப்பு மீனுக்கு இரண்டு.

மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சீக்கிரமே நிமிர்ந்தார்.

"அழுக்கு ஸ்லைடு."

"இல்ல மேடம், கழுவித்தான்..."

"ரெண்டு செல் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணோட தலை உதிர்ந்துபோச்சு. வால் மட்டும் மிச்சம். உனக்கு ஃபிக்ஸ் பண்ணத் தெரியல."

"எல்லாத்துலயும் ரெண்டு இருக்கு மேடம்."

"அப்ப எல்லாத்தையும் தப்பாப் பண்ணியிருக்கே."

லேபில் இன்னும் மூன்று ஆய்வு மாணவிகள் இருந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். மறுநாள் நான் ரயில் தாமதமாகி வந்தபோது மேடம் அவளிடம், "ரெட்டை வாலு வந்தாச்சா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அடங்காத பிள்ளைகளை வீட்டில் செல்லமாகச் சொல்கிற வார்த்தை. அவர் வாயில் அதில் செல்லம் இல்லை. அந்த வாரமே துறை முழுக்க எனக்கு அதுதான் பெயர். ஆபீஸ் கிளார்க்குகூட அப்படித்தான் சொன்னார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆய்வு மாணவி என்றால் அங்கே பாதி வேலைக்காரி. மேடம் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டுவது, அவர் மகளுக்கு ரயில் டிக்கெட் எடுக்க மேற்குத் தாம்பரம் போய் வரிசையில் நிற்பது, இதெல்லாம் எங்கள் தலையில். நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். "முடியாது மேடம்" என்று அவர் குரலிலேயே தணிவாகச் சொல்லப் பழகினேன். அவர் என் பக்கம் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவார். நான் எழுந்து போட்டுக்கொள்வேன். கடல் மீன் வேண்டாம், கெண்டையோடு முடி என்று உத்தரவு போட்டார். நான் கோவளம் போய்க்கொண்டே இருந்தேன்.

இரண்டு வால் என்று நிரூபிக்கச் சாதாரண நுண்ணோக்கி போதாது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அது இருந்தது. நெறியாளர் கையெழுத்து இல்லாமல் மாதிரியை வாங்க மாட்டார்கள். கையெழுத்தில்லாமல் போனேன். அதை இயக்குகிறவர் நடுவயதுக்காரர். "சைன் எங்க?" என்று கேட்டார்.

"கிடைக்காது சார். மேடம் இது தப்புன்னு சொல்றாங்க."

"தப்புதானா?"

"அதைப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே குப்பியை வாங்கி வைத்தார். நோயாளிகளின் சிறுநீரகத் துண்டுகளுக்கு நடுவே என் மீன் பல வாரம் காத்திருந்தது. படங்கள் கிடைத்த அன்று ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். ஒரே தலை. அதன் அடியில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வேர்கள். ஒவ்வொரு வேரிலிருந்தும் ஒரு வால். வாலைக் குறுக்கே வெட்டிய படத்தில் இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் சுற்றிலும் ஒன்பது ஜோடிக் குழல், நடுவில் இரண்டு. முழுசான இரண்டு வால்கள். உதிர்ந்த செல்லின் வால் அடுத்தவன் தலைக்குள் போய் வேர் விடாது.

படங்களை மேடத்தின் மேஜையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"யாரு சைன் பண்ணா?"

"யாரும் பண்ணல."

"என் லேப் ஸ்பெசிமன், என் சைன் இல்லாம வெளிய போயிருக்கு." படங்களை அடுக்கி டிராயரில் வைத்துப் பூட்டினார். "நீ போகலாம்."

என்னிடம் வேறு பிரதி இல்லை. திரும்பக் கேட்டபோதெல்லாம் "பாத்துட்டிருக்கேன்" என்றார்.

ஓரிரு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு கருத்தரங்க அழைப்பிதழைப் பார்த்தேன். வேளச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில். பேச்சாளர்களில் மேடம் பெயர். தலைப்பு, கடல் மீன் ஒன்றில் இரட்டை வால் விந்தணு. கீழே சின்ன எழுத்தில் என் பெயர். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேதியையும் இடத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கருத்தரங்கத்துக்குப் போய் நடுவரிசையில் உட்கார்ந்தேன். மேடம் என் படங்களைத் திரையில் போட்டுப் பேசினார். மிக நன்றாகப் பேசினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ரயிலில் யோசித்து வைத்திருந்ததை எல்லாம் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். இரண்டு வேர் ஒரே குழியில் இருப்பதால் இது ஒட்டிக்கொண்ட செல் என்று சொல்ல முடியாது என்றார். எளிமை மட்டுமே எலும்பு மீனின் வழி என்று நினைத்திருந்தோம், அப்படியில்லை என்றார். யார் நினைத்தது என்று சொல்லவில்லை. கை தட்டினார்கள்.

முன்வரிசையிலிருந்து வயதான ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்ற விஞ்ஞானி என்று பிறகு தெரிந்தது. குத்திப் பேசுகிற ஆளில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ரொம்ப நல்ல போட்டோஸ் மேடம். ஆனா இந்தக் குடும்பத்து மீன்களுக்கு ரெண்டு வால்னு ரொம்ப காலமாவே தெரியுமே. பழைய பிரெஞ்சு பேப்பர்ஸ்ல இருக்கு. பாக்கலியா?"

வேண்டும் உனக்கு என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டது: கண்டுபிடித்தது நான். அது ஏற்கெனவே தெரிந்தது என்றால் கோவளம், பஸ், குப்பி, கிண்டி, என் இரண்டு வருடக் கொழுப்பு, எல்லாம் சேர்த்துத்தான் போகிறது. அவரும் நானும் ஒரே படகில் முழுகிக்கொண்டிருந்தோம். அவரோடு ஒரே படகில் இருப்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மேடம் தண்ணீர் குடித்தார். "லிட்ரேச்சர் சர்வே என் ஸ்டூடண்ட் பண்ணினது. இங்கதான் உக்காந்திருக்கா. அவளைத்தான் கேக்கணும்."

அரங்கமே திரும்பியது. நான் எழுந்து நின்றேன்.

"சார், நான் தேடினேன். எங்க லைப்ரரியில இருந்ததை, பிரவுசிங் சென்டர்ல கிடைச்சதை எல்லாம் பாத்தேன். நீங்க சொல்றது எனக்குக் கிடைக்கல. ஆனா இந்த ரெண்டு வாலை முதல்ல காட்டினப்ப மேடம் அழுக்கு ஸ்லைடுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் போட்டோஸை வாங்கி டிராயர்ல வச்சுப் பூட்டினாங்க. இன்னிக்கு இதைப் பத்தி இங்க பேசறாங்கன்னு எனக்கு நோட்டீஸ் போர்டைப் பாத்துத்தான் தெரியும்."

நிகழ்ச்சியை நடத்தியவர் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

மேடம் போர்ட்டிகோவில் ஆட்டோவுக்காக நின்றிருந்தார். நான் அவரைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். அருகில் போனதும் என் பக்கம் திரும்பாமலே, "உனக்கு இனிமே கைடு கிடையாது" என்றார்.

"எனக்கு எப்பவுமே இருந்ததில்ல மேடம்."

அதோடு அந்தக் கல்லூரி எனக்கு முடிந்தது. வேறு யாரும் என்னை எடுக்கத் தயாராக இல்லை. நான் அரங்கத்தில் பேசியது எனக்கு முன்னாலேயே எல்லா ஸ்டாஃப் ரூமுக்கும் போயிருந்தது. வீட்டில் அண்ணன், "விட்டுட்டு கடைக்கு வந்து பில்லு போடு, ஆணி பேரெல்லாம் சொல்றதுக்கு வெக்கமா இருக்காது" என்றான். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அத்தா மட்டும், "அவளை விடுறா" என்றார். அதுவும் எனக்காக இல்லை, அவருக்குச் சாப்பிடும்போது சத்தம் பிடிக்காது.

கடைசியில் ஊரப்பாக்கத்துக்கு அருகே ஒரு கல்லூரியில், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்த ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

"அந்த மேடம்கூட சண்டை போட்டது நீதானா?"

"ஆமா சார்."

"என்கூட போட மாட்டியே?"

"நீங்க போட்டா போடுவேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் எதைக் கொடுத்தாலும் படிக்காமல் போட்டார்.

அங்கே என் ஆய்வு வேறு பக்கம் திரும்பியது. கொசுப்புழு தின்பதற்காகக் கிணறுகளிலும் குட்டைகளிலும் விடுகிற கம்பூசியா என்கிற குட்டி மீனை எடுத்துக்கொண்டேன். பெரும்பாக்கம் சதுப்பு ஓரத்தில் வலை போட்டால் கிடைக்கும். அது முட்டையைத் தண்ணீரில் விடாது, குட்டி போடும். ஆண் தன் துடுப்பால் விந்தணுவைப் பெண்ணின் உடலுக்குள்ளேயே செலுத்திவிடும். அதனால் அந்த விந்தணு வெளித்தண்ணீரில் நீந்துவதே இல்லை. பெண்ணின் உடலுக்குள் நீண்ட வழி போக வேண்டும், உள்ளேயே பல நாள் உயிரோடிருக்க வேண்டும். அதன் தலை உருண்டையாக இல்லை, நீண்டிருக்கும். கழுத்துப் பகுதியும் நீளம், சக்தி கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா அதில் நெருக்கி அடைத்திருக்கும். ஆனால் தொப்பி? அது இல்லை. ஒருமுறை தொலைத்ததை அது திரும்பச் செய்துகொள்ளவில்லை. இருப்பதை வைத்து நீட்டியும் இழுத்தும் சமாளித்துக்கொண்டது. கெண்டை, கம்பூசியா, சிவப்பு மீன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். இரட்டை வால் பற்றி, இது முன்பே தெரிந்தது என்று தெளிவாகக் குறிப்பிட்டேன். அந்த வரியை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம். அத்தா கட்டாயப்படுத்தியதால் அண்ணன் வந்து கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேச ஆரம்பித்த பிறகு கதவு திறந்தது. மேடம் உள்ளே வந்து, அண்ணனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நான் நிறுத்தாமல் பேசி முடித்தேன். வெளித்தேர்வாளர் இரண்டு சம்பிரதாயக் கேள்விகள் கேட்டார். வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள்.

மேடம் உட்கார்ந்தபடியே கேட்டார். "ரெண்டு வால் எதுக்கு? ஒரு வால் இருக்கறதைவிட வேகமாப் போகுதா?"

மற்றவர்கள் கேட்காத கேள்வி. கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். எனக்குப் பதில் தெரியாது.

"தெரியாது மேடம். வேகமாப் போகுதுன்னு நான் அளந்த வரைக்கும் சொல்ல முடியல. ஆண் மீன் முட்டையை வாயில வாங்கிக்கறதுனால விந்தணுவுக்கு நேரம் கம்மி, அதுக்குத்தான் ரெண்டு வால்னு ஒரு யோசனை இருக்கு. அதுக்கும் ஆதாரம் இல்ல."

"தெரியாதுன்னு தீசிஸ்ல எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

அவர் தலையசைத்தாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. பையை எடுத்துக்கொண்டு, சமோசாவுக்கு நிற்காமல் போய்விட்டார். எதற்காக வந்தார் என்று இன்றுவரை தெரியாது. நான் திணறுவதைப் பார்க்க வந்திருக்கலாம். நான் பிழையாக ஒன்று சொன்னால் எழுந்து திருத்த வந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் அண்ணன், "கேள்வி கேட்டாங்களே, அந்தம்மா யாரு?" என்றான்.

"ரெண்டு வருஷம் என் உயிரை வாங்கினவங்க."

"மத்தவங்களைவிட அவங்களுக்குத்தான் விஷயம் தெரியுது."

"ஆமா, தெரியும்" என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஆண்டு என் பழைய கல்லூரியிலேயே ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது. வீம்புக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் குழுவில் மேடம் இருந்தார். மற்றவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை வேறு ஒருவருக்குப் போனது. அவர் என்னை வேண்டாம் என்று சொன்னதாக அந்த ஆபீஸ் கிளார்க் பிறகு சொன்னார். நான் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் என்னைப் போன்ற ஒருத்தியை எடுத்திருக்க மாட்டேன். எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம் வேறு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. மேடத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, பார்க்க முயலவும் இல்லை.